வேட்புமனு நிராகரிப்பும் 45 நாள் கணக்கும்

கேள்வி: கோபிசெட்டிபாளையம் பக்கம் ஓர் ஊராட்சிங்க. தலைவர் பதவிக்கு மனு போட்டேன். என்னை முன்மொழிந்தவரின் வாக்காளர் வரிசை எண் 412. அவசரத்தில் 421 என்று எழுதிவிட்டோம். அதைச் சொல்லியே பரிசீலனையில் மனுவைத் தள்ளிவிட்டார்கள். ஜெயித்தவர் என் பங்காளி. முடிவு அறிவித்து 31 நாள் ஆகிறது. தேர்தல் ஆணையரை நியமிப்பது அரசு, தேர்தல் வேலை பார்ப்பது ஒன்றிய அலுவலக ஆட்கள். கமிஷனே அவங்க கையிலதானுங்க. ஐகோர்ட்டில் ரிட் போட்டுத் தேர்தலை ரத்து செய்ய முடியுங்களா?

பதில்: முடியாது. உங்கள் கடிதத்தில் எனக்கு வேண்டியது இரண்டே எண்கள்: 421, 31.

கமிஷன் யார் கையில் என்பதை டீக்கடையில் பேசலாம். சட்டப்படி மாநிலத் தேர்தல் ஆணையரை ஆளுநர் நியமிக்கிறார்; நீக்குவதென்றால் உயர் நீதிமன்ற நீதிபதியை நீக்கும் முறையில்தான். அரசுச் செயலாளருக்கு ஆணையர் பதவியைக் கூடுதல் பொறுப்பாகக் கொடுத்தது செல்லாது என்று கோவா வழக்கில் 2021-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மை. அது ஆணையர் நாற்காலி பற்றியது. உங்கள் மனுவைத் தள்ளியவர் ஒன்றிய ஊழியர் என்பதால் மட்டும் தேர்தல் விழாது.

இப்போது ரிட், அதாவது அதிகாரியின் முடிவை எதிர்த்து நேராக ஐகோர்ட்டில் போடும் மனு. இந்தக் கதவை மூடிய வழக்கே நம் பக்கத்து நாமக்கல்லில் கிளம்பியதுதான். 1951-ல் பொன்னுசாமி என்பவரின் வேட்புமனு தள்ளுபடியானது; ரிட் போட்டு உச்ச நீதிமன்றம் வரை போனார். தேர்தல் முடிந்தபின் தேர்தல் மனுதான் (தேர்தல் செல்லாது என்று கேட்கும் தனி வழக்கு) வழி என்று 1952-ல் தீர்ப்பு. உள்ளாட்சிக்கும் அரசியலமைப்பில் அதே தடை இருக்கிறது.

என்னிடம் வந்த பெருந்துறைக்காரர் ஒருவர் இது தெரியாமல் சென்னைக்குப் போய் ரிட் போட்டார். வழக்கு எண் கிடைக்க, விசாரணைக்கு வர, ‘தேர்தல் மனு போடுங்கள்’ என்று கேட்டுத் திரும்ப, 61-வது நாள். ஊராட்சிச் சட்டம் தருவது முடிவு வெளியானதிலிருந்து 45 நாள். கட்டு கட்டாக ஆதாரம் வைத்திருந்தார், ஒரு தாளைக்கூட யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. உங்களுக்கு இன்னும் 14 நாள் இருக்கிறது. ஈரோடு மாவட்ட நீதிபதியிடம் போட வேண்டும். கடைசி நாளுக்குக் காத்திருக்காதீர்கள்.

வழக்கில் உயிர் இருக்கிறது. எழுத்துப் பிழைக்காக வேட்புமனுவைத் தள்ளக் கூடாது என்பது தேர்தல் சட்டத்தில் பழைய விதி. நிராகரிப்பு தவறு என்று காட்டினால் போதும். நின்றிருந்தால் ஜெயித்திருப்பீர்களா என்ற கேள்வியே எழாது. நிராகரித்த உத்தரவின் நகலை முதலில் வாங்குங்கள். காரணம் 421 மட்டும்தானா, கீழே வேறு வரி எதுவும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கணக்கு மாறும்.

அப்புறம் ஒன்று. பதவிக்காலமே 5 வருடம். வழக்கு அதில் பாதியைத் தின்றுவிடும். எதிரி பங்காளி, கிணறு பொதுவாக இருந்தால் தண்ணீர் முறைக்கும் அவர் முகத்தில்தான் விழிக்க வேண்டும். ரோஷம் மட்டும்தான் காரணம் என்றால் விட்டுவிடுங்கள் என்பேன். பேசி முடிப்பதானால் தேர்தல் மனு போடுமுன் முடியுங்கள். போட்டபின் நினைத்தபோது வாபஸ் வாங்க முடியாது, கோர்ட் அனுமதி வேண்டும். பணம் கை மாறியது தெரிந்தால் அது வேறு வம்பு.