பலன் நல்லதாக இருந்தால் வழியை மன்னிக்கலாமா? மருத்துவ ஆய்வு பற்றி வாசகர் கேள்விகள்

மனிதர்களை வைத்து நடக்கும் ஆய்வுகளுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழு ஒன்றில் பல வருடம் உறுப்பினராக இருந்தேன். அந்த அனுபவத்தை வைத்துப் பதில் சொல்கிறேன்.

மேடம், பெரியம்மைத் தடுப்பூசியைக் கண்டுபிடித்த ஜென்னர் ஒரு சின்னப் பையனுக்கு வேண்டுமென்றே பெரியம்மையை ஏற்றிப் பார்த்தார் என்று படித்தோம். அது தப்பென்றால் தடுப்பூசியே வந்திருக்காதே? (நர்சிங் மாணவி, மதுரை)

அந்தப் பையன் ஜேம்ஸ் ஃபிப்ஸ். வயது 8, ஜென்னரின் தோட்டக்காரர் மகன். 1796 மே மாதம், பால் கறக்கும் பெண் ஒருத்தியின் கையிலிருந்த மாட்டம்மைக் கொப்புளத்து நீரை அவனுக்கு ஏற்றினார். அது பெரியம்மையைத் தடுக்கிறதா என்று பார்க்க ஜூலையில் பெரியம்மைச் சீழையே ஏற்றினார். பையனுக்கு ஒன்றும் ஆகவில்லை. 1980-ல் பெரியம்மை உலகிலிருந்தே ஒழிந்ததாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது.

ஜென்னருக்காக ஒன்று சொல்ல வேண்டும். பெரியம்மையைத் தடுக்க அதன் சீழையே தோலைக் கீறி ஏற்றுவது அன்றைய இங்கிலாந்தில் ஏற்கெனவே இருந்த பழக்கம்தான். ஆனாலும், அந்தப் பையன் செத்துப்போயிருந்தால்? ஜென்னர் செய்த காரியம் அதேதான், ஒரு துளிகூட மாறியிருக்காது. 1980-ல் நின்றுகொண்டு நாம் கணக்குப் பார்க்கிறோம். அன்று கத்தி பிடித்த கைக்கு அந்தக் கணக்கு தெரியாது. எனக்கு உறுத்துவது தோட்டக்காரர்தான். சம்பளம் கொடுப்பவரிடம் அவர் எப்படி ‘வேண்டாம்’ என்று சொல்லியிருப்பார்?

“பொய்மையும் வாய்மை யிடத்த புரைதீர்ந்த நன்மை பயக்கும் எனின்” என்று வள்ளுவரே பொய்க்கு வழி விட்டிருக்கிறாரே, அம்மா? (ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தஞ்சாவூர்)

உங்களுக்குத் தெரியாததில்லை ஐயா, ‘நன்மை’ என்று மட்டும் சொல்லி அவர் நிறுத்தவில்லை. ‘புரைதீர்ந்த’ நன்மை என்றார். ஒருவருக்கும் குற்றம் செய்யாத நன்மை. அந்த ஒரு சொல்லை வைத்து டஸ்கீகி ஆய்வைப் பாருங்கள்.

1932-ல் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் அரசின் பொது சுகாதாரத் துறையே தொடங்கியது. ஏழைக் கறுப்பின ஆண்கள் 600 பேர். அவர்களில் 399 பேருக்கு சிஃபிலிஸ் என்ற பால்வினை நோய். நோயின் பெயரைச் சொல்லாமல் ‘கெட்ட ரத்தம்’ என்றார்கள். சாப்பாடு போட்டார்கள், ஈமச்செலவுக்குப் பணம் தருவதாகச் சொன்னார்கள். முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்ததை ‘விசேஷ இலவச சிகிச்சை’ என்று கடிதம் போட்டு அழைத்தார்கள். 1940-களில் பென்சிலின் வந்தது, நோய் குணமாகும் என்று தெரிந்தது. அப்போதும் கொடுக்கவில்லை. நோய் கடைசிவரை என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டுமாம். 1972-ல் செய்தி பத்திரிகையில் வெளிவந்த பிறகுதான் நிறுத்தினார்கள். நாற்பது வருடம்!

நடத்தியவர்கள் தங்களைக் கொடியவர்களாக நினைக்கவில்லை. வருங்கால நோயாளிகளுக்கு நல்லது என்றே நம்பினார்கள். நன்மை யாருக்கோ போனது, விலையை அந்த 399 பேரும் அவர்கள் வீட்டாரும் கொடுத்தார்கள். கொடுக்கிறோம் என்பதே அவர்களுக்குத் தெரியாது.

“உண்மையைச் சொன்னால் யாரும் சேர மாட்டார்கள், மேடம்” என்று எங்கள் குழுவிலும் ஆய்வாளர்கள் வந்து சொல்வார்கள். தெரிந்தால் மறுப்பார்கள் என்று உங்களுக்கே தெரிகிறதல்லவா, அப்படியானால் அவர்கள் ஏற்கெனவே மறுத்தாயிற்று என்பேன்.

அநியாயமாகக் கிடைத்த தகவலாகவே இருக்கட்டும். இப்போது ஓர் உயிரைக் காப்பாற்றும் என்றால் பயன்படுத்தக் கூடாதா? (சென்னை)

மனசாட்சியோடு கேட்கப்பட்ட கேள்வி. ஜப்பான் ராணுவத்தின் 731-ஆம் பிரிவு சீனாவின் ஹார்பின் நகர் அருகே கைதிகளுக்கு நோய்க்கிருமிகளை ஏற்றிக் கொன்றது. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அந்த விவரங்களைப் பெற்றுக்கொண்டு, அதன் தலைவர் ஷிரோ இஷீயை அமெரிக்கா விசாரணையிலிருந்து காப்பாற்றியது. இது எனக்குக் கொஞ்சமும் ஏற்பில்லை. தகவலுக்கு நீதியை விலையாகக் கொடுத்தார்கள்.

நாஜிகள் டாக்கௌ முகாமில் கைதிகளை ஐஸ் தண்ணீரில் அமிழ்த்திச் செய்த ஆய்வின் பதிவுகளோ, 1990-ல் ராபர்ட் பெர்கர் என்ற மருத்துவர் ஆராய்ந்தபோது முன்னுக்குப் பின் முரணாக இருந்தன. உயிரை மதிக்காதவர்கள் எண்ணையும் மதிக்கவில்லை. உண்மையிலேயே ஓர் உயிரைக் காக்கும் தகவல் இருந்தால் பயன்படுத்துவேன். அது யார் உடலிலிருந்து, எப்படி வந்தது என்பதையும் கூடவே சொல்வேன்.

அப்படியென்றால் ஆபத்தான ஆய்வே கூடாதா? (மருத்துவப் பிரதிநிதி, சேலம்)

கூடும். 2021-ல் லண்டனில் 18 முதல் 29 வயது வரையிலான 36 பேருக்கு வேண்டுமென்றே கொரோனா கிருமியை மூக்கில் விட்டார்கள். செயல் ஜென்னர் செய்ததுதான். ஆனால் வந்தவர்கள் விவரம் தெரிந்து, வேண்டாம் என்று எழுந்து போகும் சுதந்திரத்தோடு வந்தார்கள்.

அம்மாவை ஒரு மருந்து ஆய்வில் சேர்க்கக் கையெழுத்துக் கேட்கிறார்கள். போடலாமா? (ஈரோடு)

இன்றைக்கே போட வேண்டாம், தம்பி. தகவல் தாளைத் தமிழில் கேளுங்கள். வீட்டுக்கு எடுத்துப் போய் அம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள். இப்போது சாப்பிடும் மருந்தை நிறுத்துவார்களா, ஆய்வால் பாதிப்பு வந்தால் சிகிச்சைச் செலவு யாருடையது, பாதியில் விலகினால் வழக்கமான வைத்தியம் தொடருமா என்று கேளுங்கள். விலகும் உரிமை அவருக்கு எப்போதும் உண்டு. பிறகு அம்மாவிடமே கேளுங்கள். சுயநினைவோடு இருக்கிறார் என்றால், கையெழுத்து அவருடையது, உங்களுடையது அல்ல.