பாஸ்வேர்டே கேட்காத பக்கம்

கேள்வி: எங்கள் கடையின் இணையதளம் ஒரு விபிஎஸ்-ல் (வாடகை மெய்நிகர் சர்வர்) சைபர்பேனல் என்ற சர்வர் நிர்வாகப் பேனல் வழியாக இயங்குகிறது. அட்மின் பாஸ்வேர்டு 20 எழுத்து. அது தெரியாமல் யாராவது உள்ளே வர முடியுமா?

பதில்: 2024 அக்டோபரில் அப்படித்தான் வந்தார்கள். சைபர்பேனல் 2.3.6-லும், திருத்தம் சேராத 2.3.7-லும், மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸ் மென்பொருளின் அப்கிரேடு எந்த அளவில் இருக்கிறது என்று காட்டும் பக்கம் ஒன்று உண்டு. கேட்பவர் லாகின் செய்தவரா என்று அது பார்க்கவே இல்லை. கோரிக்கையில் வந்த ஃபைல் பெயரையும் அப்படியே ஷெல் கட்டளையோடு (சர்வருக்கு நேரடியாக இடும் கட்டளை) ஒட்டி ஓட்டியது. பெயருக்குப் பின் ஓர் அரைப்புள்ளி வைத்து வேறொரு கட்டளையை எழுதினால் அதுவும் ஓடும். இதைப் பிடிக்க ஒரு வடிகட்டி இருந்தது. ஆனால் வெப் கோரிக்கை வகைகளில் போஸ்ட் என்பதை மட்டுமே அது சோதித்தது. அதே கோரிக்கையை ஆப்ஷன்ஸ் என்ற வகையில் அனுப்பினால் தடையின்றிப் போகும். ஓடுவதோ ரூட் (சர்வரின் முழு) அதிகாரத்தில். சர்வர்கள் முழுசாகக் கைமாறி, ஃபைல்கள் ரேன்சம்வேரால் (பணம் கேட்டு மிரட்டும் மென்பொருள்) பூட்டப்பட்டன. உங்கள் 20 எழுத்துக்கு அங்கே வேலையே இல்லை.

முதலில் பேனலை அப்டேட் செய்யுங்கள். பிறகு பேனல் திறக்கும் 8090 போர்ட்டை உங்கள் ஐபி-க்கு மட்டும் திறந்துவிட்டு மற்றவர்களுக்கு அடையுங்கள். ஐபிவி6 (புதிய வகை ஐபி முகவரி) வழியையும் அடைக்க வேண்டும். பலர் விடுவது இதைத்தான். ஐபி அடிக்கடி மாறினால் எஸ்எஸ்ஹெச் டனல் (சர்வருக்குப் போகும் பாதுகாப்பான தனி இணைப்பு) வழியே பேனலைத் திறக்கலாம்.

அந்த மாதத்தில் பழைய பதிப்பு, 8090 திறந்த நிலையில் ஓடியிருந்தால் அப்டேட் போதாது. ரூட்டாக நுழைந்தவர் தடயத்தை அழித்திருக்கலாம், குறித்த நேரத்தில் தானே ஓடும் கிரான் வேலையிலோ எஸ்எஸ்ஹெச் சாவிப் பட்டியலிலோ திரும்பி வர வழி வைத்திருக்கலாம். சர்வரைப் புதிதாக நிறுவி, அந்த அக்டோபருக்கு முந்தைய பேக்கப்பிலிருந்து தளத்தை மீட்பதே பத்திரம்.

கேள்வி: படம் அப்லோடு ஆகவில்லை. ஃபோல்டருக்கு 777 அனுமதி கொடுத்ததும் சரியாகிவிட்டது. அப்படியே விடலாமா?

பதில்: வேண்டாம், இன்றே மாற்றுங்கள். மூன்று இலக்கமும் முறையே உரிமையாளர், குழு, மற்ற எல்லோருக்குமானவை. படிக்க 4, எழுத 2, இயக்க 1; மூன்றும் சேர்ந்தால் 7. கடைசி 7, அந்த சர்வரில் உள்ள எந்தக் கணக்கும் உங்கள் ஃபோல்டரில் எழுத இடம் கொடுக்கிறது. பக்கத்துத் தளத்தில் நுழைந்தவர் உங்களிடம் ஒரு பிஹெச்பி (சர்வரில் ஓடும் நிரல்) ஃபைலைப் போட அது போதும்.

பெரும்பாலும் உண்மையான கோளாறு உரிமையாளர் பெயரில்தான். ஃபோல்டர் ரூட் பெயரில் இருக்கும், பிஹெச்பி வேறொரு பயனராக ஓடும். உரிமையாளரைச் சரிசெய்துவிட்டு ஃபோல்டர்களுக்கு 755, ஃபைல்களுக்கு 644 கொடுங்கள். பிஹெச்பி உங்கள் கணக்கிலேயே ஓடினால், டேட்டாபேஸ் பாஸ்வேர்டு உள்ள கான்ஃபிக் ஃபைலுக்கு 600. எல்லாவற்றுக்கும் ஒரே வீச்சில் 644 போட்டுவிடாதீர்கள். ஃபோல்டருக்குள் நுழையும் அனுமதியும் போய், தளம் 403 காட்டும். அப்லோடு ஃபோல்டரில் பிஹெச்பி ஓடாதபடியும் தடுத்துவையுங்கள்.

கேள்வி: ஷேர்டு ஹோஸ்டிங் (ஒரே சர்வரைப் பலர் பகிர்வது) வாங்குமுன் என்ன கேட்க வேண்டும்?

பதில்: ஒவ்வொரு கணக்கின் பிஹெச்பியும் அதனதன் பயனர் பெயரில் ஓடுகிறதா, ஒரு கணக்கு மற்றதன் ஃபைல்களைப் பார்க்காதபடி பிரிக்கும் கேஜ்எஃப்எஸ் போன்ற தடுப்பு உண்டா என்று கேளுங்கள். இரண்டும் இல்லையென்றால் வேறு இடம் பாருங்கள்.