ஸ்ரீஹரிகோட்டாதான் இருக்கிறதே, குலசை எதற்கு?

கேள்வி: குலசேகரப்பட்டினம் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால்தான் அங்கே ராக்கெட் தளம் கட்டுகிறார்களாமே, உண்மையா? (உடன்குடி வாசகர்)

பதில்: எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள், ஆனால் முக்கியக் காரணம் அது இல்லை. பூமி சுழலும் வேகம் கிழக்கே ஏவுகிற ராக்கெட்டுக்குத்தான் ஓசியில் கிடைக்கும், அது பூமத்திய ரேகையில் அதிகம், அதெல்லாம் சரி. குலசையில் முக்கியமாக நினைத்திருப்பது துருவங்களுக்கு மேலாகச் சுற்றும் சின்ன செயற்கைக்கோள்களை. அவை தெற்கே போக வேண்டியவை, அந்த ஓசி வேகத்தால் அவற்றுக்குப் பயனில்லை.

விஷயமே இலங்கைதான். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நேர் தெற்கே விட்டால் ராக்கெட் இலங்கைக்கு மேலே பறக்கும், எரிந்து முடிந்த அடுக்குகள் யார் வீட்டுக் கூரையிலாவது விழுந்தால் யார் பதில் சொல்வது? அதனால் அங்கிருந்து போகும் பி.எஸ்.எல்.வி. ராக்கெட் முதலில் தென்கிழக்கே போய், அப்புறம் வளைந்து தெற்கே திரும்புகிறது. அப்படி வளைய எரிபொருள் செலவாகும். 320 டன் ராக்கெட் அதைத் தாங்கும். சின்ன செயற்கைக்கோள்களைத் தூக்கும் எஸ்.எஸ்.எல்.வி. ராக்கெட் வெறும் 120 டன், 500 கி.மீ. உயரத்துக்குச் சுமார் 500 கிலோ தூக்கும், அவ்வளவுதான். அது சுற்றிப் போனால் ஏற்றிய சரக்கில்தான் கை வைக்க வேண்டும். குலசையிலோ தெற்கே இந்தியப் பெருங்கடல் திறந்து கிடக்கிறது. 2024 பிப்ரவரி 28-ல் அடிக்கல் நாட்டினார்கள். (தூத்துக்குடி மாவட்டம் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம், 1986 வரை நம்ம திருநெல்வேலி மாவட்டம்தான்.)

கேள்வி: மகேந்திரகிரிப் பக்கம் சில நேரம் இடி மாதிரி உறுமுகிறதே, அங்கேயும் ராக்கெட் விடுகிறார்களா? (பணகுடி வாசகி)

பதில்: இல்லை. அங்கே இன்ஜினை நகரவிடாமல் பூட்டிவைத்து எரித்துப் பார்க்கிறார்கள். சந்திரயான்-3ஐத் தூக்கிய ராக்கெட்டின் கிரையோஜெனிக் (கடுங்குளிர் எரிபொருளில் ஓடும்) இன்ஜினை 2023 பிப்ரவரி 24-ல் அங்கேதான் 25 விநாடி ஓட்டினார்கள். மைனஸ் 253 டிகிரியில் இருக்கும் திரவ ஹைட்ரஜனும் மைனஸ் 183 டிகிரி திரவ ஆக்சிஜனும் சேர்ந்து எரியும். கிடைப்பது நீராவி, கரும்புகை கிடையாது. இந்த வித்தை லேசில் கைவரவில்லை. நாமே செய்த கிரையோஜெனிக் இன்ஜினோடு 2010 ஏப்ரலில் போன ஜி.எஸ்.எல்.வி. ராக்கெட், எரிபொருள் பம்ப் நின்றுபோய் கடலில் விழுந்தது. அதற்குப் பிறகு காற்றில்லாத உயரத்தைச் செயற்கையாக உண்டாக்கும் கூடத்தில் வைத்து இன்ஜினைச் சோதித்து, 2014 ஜனவரி 5-ல்தான் ஜெயித்தார்கள்.

கேள்வி: குலசையில் ராக்கெட் விட்டால் பாளையங்கோட்டையில் தெரியுமா? (பாளை மாணவர்)

பதில்: ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட்டை 80 கி.மீ. தள்ளி சென்னைக்காரர்கள் மொட்டை மாடியில் நின்று பார்க்கிறார்கள். நமக்கு அதைவிடப் பக்கம். மேகம் இல்லாவிட்டால் தென்கிழக்கே பாருங்கள்.