போனஸ் வரட்டும், நாய் அப்புறம் வரட்டும்

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். பிடித்தம் போகக் கைக்கு வருவது 31,000. மனைவி வீட்டிலிருந்தே தையல் வேலை செய்து 9,000 கொண்டுவருகிறார். வாடகை 9,500, சீட்டு 5,000 (ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டு, 20 மாதம், 8 மாதம் கட்டியாகிவிட்டது), பைக் தவணை 3,200, மகளின் பள்ளிக்கும் வேனுக்கும் 4,500, வீட்டுச் செலவு 13,000. பேங்கில் 60,000 இருக்கிறது. கோவைப் பக்கம் ஒரு காப்பகத்தில் நான்கு வயதுப் பெட்டை நாய் இருக்கிறது, செவலை நிறம், வண்டியில் அடிபட்டு ஒரு பின்னங்கால் கொஞ்சம் நொண்டும். மகள் அதுதான் வேண்டும் என்கிறாள். கூடவே எங்கள் கேன்டீனில் திரியும் பூனைக்குட்டியும் வேண்டுமாம். மாமனார், "ரோட்டு நாய்க்கு எதுக்குங்க மாப்ள செலவு, 15,000 போட்டா லேப்ரடார் குட்டியே வாங்கலாமே" என்கிறார். சீட்டைத் தள்ளி (ஏலத்தில் கழிவு விட்டு முன்கூட்டியே) எடுத்தோ, தீபாவளி போனஸ் 30,000 வந்ததும் அதை வைத்தோ இரண்டையும் எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: நாயை எடுங்கள். பூனையைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். சீட்டில் கை வைக்காதீர்கள். போனஸ் வருகிற வாரத்தில் மட்டும் நாயைக் கூட்டிவர வேண்டாம்.

முதலில் உங்கள் மாமனாருக்கு. லேப்ரடாருக்கு 15,000 என்பது வாசலில் வாங்குகிற டிக்கெட் மாதிரிதான், படம் உள்ளேதான் ஓடும். குட்டி என்றால் ஆறு எட்டு வாரத்தில் தொடங்கி மூன்று நான்கு தவணை கூட்டுத் தடுப்பூசி, மூன்று மாதத்தில் வெறிநோய் ஊசி, அப்புறம் கருத்தடை. நடுவில் பார்வோ (குட்டிகளைத் தாக்கும் வைரஸ் கழிச்சல்) வந்துவிட்டால் நான்கைந்து நாள் ட்ரிப்ஸ் போட்டு உட்கார வேண்டும், போட்டும் எல்லாக் குட்டியும் பிழைப்பதில்லை. இதையெல்லாம் தாண்டி வளர்ந்தால் 30 கிலோ, தீனி நாட்டு நாயைப்போல் இரண்டு பங்கு. நீங்கள் சொல்கிற நாய்க்கோ நான்கு வயது, குட்டிப்பருவத்து ஆபத்தெல்லாம் முடிந்துவிட்டது. காது நுனியில் சின்னதாக வெட்டு இருக்கிறதா பாருங்கள், இருந்தால் கருத்தடை ஆகிவிட்டது என்று அடையாளம், அதாவது உங்களுக்கு வரவேண்டிய ஒரு பெரிய செலவை வேறு யாரோ ஏற்கெனவே செய்துவிட்டார்கள். ஓடிப் பழகிய செகண்ட் ஹேண்ட் ஓவர்லாக் மெஷினை நம்பி வாங்குகிற ஊர்தானே உங்களுடையது, மாமனாருக்கு அப்படிச் சொன்னால் சட்டென்று புரியும். நாயைக் கூட்டிவருவதற்கு முன்பே அதன் அடிபட்ட காலை மட்டும் ஒரு டாக்டரிடம் காட்டி, எக்ஸ்ரே இருந்தால் வாங்கிக் கொடுத்து, மேற்கொண்டு அறுவை சிகிச்சை தேவைப்படுமா என்று வாயைத் திறந்து கேட்டுவிடுங்கள். வெறும் நொண்டல் என்றால் செலவில்லை. உள்ளே கம்பி வைத்து அதை எடுக்கவேண்டியிருக்கிறது என்றால் கணக்கே வேறு. பெரிய வேலை என்றால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

சரி, மாதக் கணக்கு. உங்கள் வரவு 40,000, போவது 35,200, மிச்சம் 4,800. ஈரோட்டில் என் வீட்டில் ஆறு வருடமாக 14 கிலோவில் ஒரு நாட்டு நாய் இருக்கிறது, அதன் செலவைத் தனி டைரியில் எழுதுகிற கிறுக்கு எனக்கு உண்டு. அரிசி, கோழிக் கழுத்து, ஈரல், வாரத்துக்கு நான்கு முட்டை, எல்லாம் மாதம் 1,500-க்குள் அடங்கிவிடுகிறது (கோழிக்குப் பல்லடமும் முட்டைக்கு நாமக்கல்லும் பக்கத்தில் இருப்பதில் இந்த ஒரு லாபம்). உண்ணி மருந்து, பூச்சி மாத்திரை, வருடத்துக்கொரு முறை போடுகிற ஊசிகள் எல்லாவற்றையும் பன்னிரண்டால் வகுத்தால் இன்னொரு 600. ஆக 2,100. இது உங்களால் முடியும். பலர் இந்த இடத்தோடு கணக்கை மூடிவிடுகிறார்கள், உதைப்பது இதற்கப்புறம்தான்.

போன வருடம் என் நாய்க்கு உண்ணிக் காய்ச்சல் வந்தது. முதலில் பார்த்த கிளினிக்கில் வயிற்றுக் கோளாறு என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள், நான்கு நாள் வீண், அது தண்ணீர்கூடக் குடிக்காமல் கிடந்தது. அப்புறம் வேறு இடத்தில் இரண்டு முறை ரத்தப் பரிசோதனை, ட்ரிப்ஸ், 28 நாள் மாத்திரை என்று 8,700 ஆனது. நாய் வளர்க்க மாதச் செலவுக்குப் பணம் இருந்தால் போதாது, இந்த 8,700 ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் திடீரென்று கேட்டால் எடுத்து வைக்கத் தெரிய வேண்டும். அதனால் நாய்க்கென்று மாதம் 1,500-க்கு ஒரு ரெக்கரிங் டெபாசிட் போடுங்கள், போஸ்ட் ஆபீஸ் வேண்டாம், அது ஐந்து வருடக் கணக்கு, அவசரத்துக்கு உடைப்பது சிரமம், உங்கள் பேங்கிலேயே ஒரு வருடத்துக்குப் போதும். செல்லப்பிராணிக் காப்பீடும் இருக்கிறது, ஆனால் வயது வரம்பு, காத்திருப்புக் காலம், ஏற்கெனவே இருக்கிற காயத்துக்கு விலக்கு என்று நிறைய நிபந்தனை வரும். அடிபட்ட காலோடு வருகிற நாய்க்கு அந்தக் காலையே விலக்கிவிட்டுத்தான் பாலிசி தருவார்கள். மூன்றாம் நபரைக் கடித்தால் இழப்பீடு தருகிற பிரிவு இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

இத்தனையும் போக உங்கள் கையில் 1,200 நிற்கும். இறுக்கம்தான். ஆனால் இன்னும் 12 மாதத்தில் சீட்டு முடிந்து 5,000 விடுபடுகிறது, அதுவரை தம் பிடித்தால் போதும். அதனால்தான் சீட்டைத் தள்ளி எடுக்க வேண்டாம் என்கிறேன். 15,000 தள்ளி எடுத்தால் கைக்கு 85,000 வரும், மீதித் தவணைகளை எப்படியும் கட்டித்தான் ஆக வேண்டும், அது கடன் வாங்கியதற்குச் சமம். சீட்டு நடத்துகிறவர் கமிஷனே சட்டப்படி 7 சதவீதம் வரை போகலாம், அதையும் சேர்த்துப் பாருங்கள். நாய்க்குக் கூண்டு, மெத்தை, பெயர் பொறித்த தட்டு என்று அந்த 85,000 எங்கே போனதென்றே தெரியாது. பழைய சாக்கு ஒன்றும், உறுதியான கயிற்றுப் பட்டையும், ஒரு எவர்சில்வர் கிண்ணமும் போதும்.

போனஸ் 30,000-ல் 10,000-ஐ நாயின் பெயரில் தனியாக ஒதுக்குங்கள், மீதி 20,000 பேங்கில் இருக்கிற 60,000-த்தோடு சேரட்டும். இப்போது இருக்கிற 60,000 உங்கள் இரண்டு மாதச் செலவுக்குக்கூட முழுசாக வராது, ஆர்டர் குறைந்தால் திருப்பூரில் என்ன நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அப்புறம் ஏன் போனஸ் வாரத்தில் வேண்டாம்? வெடிச் சத்தம். காப்பகத்திலிருந்து வருகிற நாயைப் பற்றி அதை எடுத்து வளர்த்தவர்கள் மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். முதல் மூன்று நாள் கட்டிலுக்கடியில் போய் ஒடுங்கும், சோறு வைத்தால் திரும்பிக்கூடப் பார்க்காது. மூன்று வாரத்தில் வீட்டு நேரம் பிடிபடும். இது நம் வீடு என்று நம்ப மூன்று மாதம் ஆகும். எல்லா நாயும் இந்தக் காலண்டரைப் பார்த்து நடக்காது, இருந்தாலும் அந்த முதல் வாரத்தில் தெருவெங்கும் சரவெடி வெடித்தால் கதவு இடுக்கில் புகுந்து ஓடிவிடும், ஓடின நாய்க்கு உங்கள் வீட்டு வழி இன்னும் தெரியாது. வண்டியில் அடிபட்ட நாய் வேறு. தீபாவளிக்கு அப்புறம் கம்பெனி திறந்து, ஊருக்குப் போனவர்கள் எல்லாம் திரும்பின வாரத்துக்குப் பிறகு ஒரு சனிக்கிழமை கூட்டிவாருங்கள். அது சாப்பிடவில்லை, ஒளிந்துகொள்கிறது என்று பயந்து முதல் வாரமே டிரெய்னருக்குப் பணம் கட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மகளிடம் அதைத் தொடாமல், கூப்பிடாமல் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதச் சொல்லுங்கள், காசில்லாத வைத்தியம்.

வீட்டுக்காரரிடம் கேட்டீர்களா? கேள்வியில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அடுக்குமாடிச் சங்கம் நாய் வளர்க்கக் கூடாதென்று தடை போட முடியாது, சரி, ஆனால் வாடகை ஒப்பந்தம் உங்களுக்கும் வீட்டுக்காரருக்கும் நடுவில் இருப்பது. வாயால் "சரிங்க" என்பதை நம்பாமல் அடுத்த ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதி வாங்குங்கள். இல்லையென்றால் ஆறு மாதத்தில் வீடு மாற்ற நேர்ந்து, லோடு வண்டி, புரோக்கர், புது அட்வான்ஸ் என்று போகிற பணத்தில் நாயை மூன்று வருடம் வளர்த்துவிடலாம்.

ஊருக்குப் போகும்போது எங்கே விடுவது என்பதும் பணக்கணக்குதான். காங்கேயம், வெள்ளகோவில் பக்கம் சொந்தக்காரர் தோட்டம் இருக்கிறது, அங்கே அவிழ்த்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். நாய்கள் கடித்து ஆடுகள் சாகிறதென்று அந்தப் பகுதி விவசாயிகள் இழப்பீடு கேட்டுப் போராடியது உங்களுக்கே தெரியும். ஆடே பார்க்காத டவுன் நாய் பட்டிக்குள் புகுந்தால் ஒரு ஆட்டுக்கே பத்தாயிரம் கொடுக்கவேண்டி வரும், உறவும் போகும். கட்டிவைத்துப் பார்த்துக்கொள்கிற ஆள் இருந்தால் மட்டும் விடுங்கள். கட்டுப்படியாகவில்லை என்று எங்காவது இறக்கிவிட்டு வருவது 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம், அதனால் முடியாமல் போனால் திரும்ப வாங்கிக்கொள்வீர்களா என்று காப்பகத்திடம் முதலிலேயே கேளுங்கள். தடுப்பூசி அட்டையையும் கையோடு வாங்குங்கள். நாய் யாரையாவது கடித்தால் முதலில் கேட்பது அந்த அட்டையைத்தான். கடிபட்டவர் அட்டை இருந்தாலும் புண்ணைச் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போகட்டும், ஊசி அங்கே இலவசம்.

வரிச் சலுகை பற்றிக் கேட்கவில்லை, இருந்தாலும்: நாய்ச் செலவுக்குக் கழிவு கிடையாது. காப்பகத்துக்கு வருமான வரித் துறையின் நன்கொடைப் பதிவு இருந்தால் நன்கொடைக்குப் பழைய வரி முறையில் கழிவு உண்டு, உங்கள் சம்பளத்துக்கு வரியே வராது, விடுங்கள்.

பூனைக்குட்டி. பூனைக்குத் தயிர்ச்சோறு போட்டு வளர்க்க முடியாது, மாமிசம் கட்டாயம். பால் ஊற்றினால் பலதுக்கு வயிற்றால் போகும். பெட்டையாக இருந்தால் ஐந்து மாதத்திலேயே சினை பிடிக்கலாம். புதிதாக வந்த நாய் பூனையைக் கண்டால் என்ன செய்யும் என்பது அது வீட்டில் அடங்கி உட்கார்ந்த பிறகுதான் தெரியும். அதனால் சீட்டு முடியட்டும். அதுவரை குட்டி கேன்டீனிலேயே இருக்கட்டும், மீன் தலைக்கு அங்கே குறைவிருக்காது. கருத்தடையை மட்டும் தள்ளிப்போட வேண்டாம், உங்கள் செக்‌ஷனில் பதினைந்து பேர் ஆளுக்கு 300 போட்டால் 4,500 சேரும். யாராவது அதற்குக் காய்ச்சல் என்று பாராசிட்டமால் மாத்திரையைப் பொடித்துக் கொடுத்துவிடப் போகிறார்கள், பூனைக்கு அது விஷம், கேன்டீன் மாஸ்டரிடம் இன்றைக்கே சொல்லிவையுங்கள்.