ஏழாம் மாதத்தில் ‘பாசிட்டிவ்’ என்று வந்தால்

கேள்வி: நான் ஏழு மாதக் கர்ப்பிணி. ரத்தப் பரிசோதனையில் ‘எச்.பி.எஸ்.ஏஜி பாசிட்டிவ்’ என்று வந்திருக்கிறது. எனக்கு மஞ்சள் காமாலை வந்ததே இல்லை. கணவருக்கு ‘நெகட்டிவ்’. வீட்டில் எனக்குத் தட்டு, டம்ளரைத் தனியாக எடுத்து வைத்துவிட்டார்கள். குழந்தைக்கும் வந்துவிடுமா? தாய்ப்பால் கொடுக்கலாமா? மூன்று மாதத்தில் ‘நெகட்டிவ்’ ஆக்கித் தருவதாக ஒருவர் மூலிகை மருந்துக்கு 15,000 ரூபாய் கேட்கிறார். வாங்கலாமா? (பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல்)

பதில்: முதலில் அந்தத் தட்டையும் டம்ளரையும் பழைய இடத்திலேயே வைக்கச் சொல்லுங்கள் அம்மா. ‘எச்.பி.எஸ்.ஏஜி பாசிட்டிவ்’ என்றால், கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ் உங்கள் உடலில் இருக்கிறது என்று பொருள். சாப்பாடு, தண்ணீர், இருமல், கழிவறை எதனாலும் ஹெபடைடிஸ் பி தொற்றாது. கல்லீரலில் எது வந்தாலும் ‘மஞ்சள் காமாலை’ என்றே சொல்லிப் பழகியதால் வந்த குழப்பம் இது. அசுத்தமான தண்ணீரில் பரவுபவை ஏ, ஈ வகைகள். பி வகை ரத்தத்தின் வழியாகவும் உடலுறவின் வழியாகவும் பரவும். பிரசவத்தின்போது தாயிடமிருந்து குழந்தைக்குப் போகும். பல பேருக்குக் கண் மஞ்சளாவதே இல்லை. காய்ந்த ரத்தத் துளியில்கூட இந்த வைரஸ் ஏழு நாள் தாக்குப்பிடிக்கும். ஆகவே தனியாக வைக்க வேண்டியவை பிளேடு, பல் துலக்கும் பிரஷ், நகவெட்டி.

யாரிடமிருந்து வந்தது என்று வீட்டில் விசாரணைக் கமிஷன் அமைக்க வேண்டாம். உங்கள் வயதுப் பெண்களுக்கு இது பெரும்பாலும் பிறந்தபோதோ சிறு வயதிலோ வந்ததாக இருக்கும். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி நாடு முழுவதும் அரசுப் பட்டியலில் சேர்ந்ததே 2011-இல்தான். உங்கள் தாயாரும் உடன்பிறந்தவர்களும் பரிசோதித்துக்கொள்ளட்டும். கணவர் மூன்று ஊசி போட்டுக்கொள்ள வேண்டும்: இன்று, ஒரு மாதம் கழித்து, ஆறாம் மாதம். அதுவரை ஆணுறை.

இனி குழந்தை. பெரியவர்களுக்கு இந்த வைரஸ் புதிதாகத் தொற்றினால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேரின் உடல் அதைத் தானே விரட்டிவிடும். பிறந்த குழந்தைக்கு அந்தத் திறன் கிடையாது. தொற்றிய பத்துக் குழந்தைகளில் ஒன்பதுக்கு அது நிரந்தரமாகத் தங்கிவிடும்; பல ஆண்டுகள் கழித்துக் கல்லீரல் சுருக்கமாகவோ புற்றுநோயாகவோ வெளிப்படலாம். ஆனால் வைரஸ் பெரும்பாலும் பிரசவ நேரத்தில்தான் கைமாறுகிறது. அங்கேதான் நாம் தடுக்க முடியும்.

ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் ‘வைரல் லோடு’ பரிசோதனையை இந்த வாரமே செய்துகொள்ளுங்கள். அது மில்லிலிட்டருக்கு இரண்டு லட்சம் யூனிட்டைத் தாண்டியிருந்தால் 28-ஆம் வாரத்திலிருந்து, வைரஸைக் கட்டுப்படுத்தும் டெனோஃபோவிர் மாத்திரை தருவார்கள். ஹெபடைடிஸ் நோய்களுக்காக 2018-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவக் கல்லூரிகளில் இந்தப் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். குழந்தை பிறந்ததும் இரண்டு ஊசிகள்: ஒரு தொடையில் தடுப்பூசி, மறு தொடையில் உடனடி எதிர்ப்புச் சக்தி தரும் இம்யூனோகுளோபுலின். இரண்டையும் 12 மணி நேரத்துக்குள் போட்டுவிடுவது நல்லது; தடுப்பூசி எப்படியும் 24 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. பிறகு 6, 10, 14-ஆம் வாரங்களில் ஐந்து நோய்களுக்கான வழக்கமான பென்டாவேலன்ட் ஊசியிலேயே இதுவும் சேர்ந்திருக்கும். இதற்காக மட்டும் சிசேரியன் தேவையில்லை.

சொல்வதற்கு எளிதாக இருக்கிறது. நடப்பது வேறு. ஒரு தடுப்பூசிக் குப்பியில் பத்துக் குழந்தைகளுக்கான மருந்து இருக்கும். ஒரே குழந்தைக்காக அதைத் திறந்தால் மீதி வீண் என்று, தடுப்பூசி நாள் வரட்டும் எனக் காத்திருக்கச் சொல்கிறார்கள். திறந்த குப்பியைக் குளிர்பதனத்தில் வைத்து 28 நாள் வரை பயன்படுத்தலாம் என்று அரசின் விதியே சொல்கிறது! சனிக்கிழமை இரவு பிறந்து செவ்வாய்க்கிழமை ஊசி போடப்பட்ட குழந்தையை நான் பார்த்திருக்கிறேன். தாயின் கர்ப்பகால அட்டையில் ‘பாசிட்டிவ்’ என்று எழுதியிருந்தது. பிரசவ அறையில் யாரும் அதைப் புரட்டவில்லை. எனவே நீங்களே அட்டையின் முதல் பக்கத்தில் சிவப்பு மையால் எழுதுங்கள். இம்யூனோகுளோபுலின் இருப்பில் உள்ளதா என்று ஒன்பதாம் மாதமே கணவரை நேரில் போய்க் கேட்கச் சொல்லுங்கள். வெளியில் வாங்கினால் சில ஆயிரம் ஆகும்; நள்ளிரவில் பணம் இருந்தாலும் மருந்து கிடைக்காது.

அந்த 15,000 ரூபாய்க்காரருக்கு வருகிறேன். இவர்களை எனக்கு இருபது ஆண்டுகளாகத் தெரியும். வளைகுடா வேலைக்கு மருத்துவச் சான்று வேண்டும் என்று தவிக்கும் இளைஞர்கள்தாம் இவர்களுடைய முதல் இரை, அடுத்து கர்ப்பிணிகள். வைரஸின் அளவு தானாகவே ஏறி இறங்கும். இறங்கிய அறிக்கையைக் காட்டி ‘மருந்து வேலை செய்கிறது’ என்பார்கள். அதுவும் சரிவராவிட்டால் வேறொருவர் ரத்தத்தைக் கொடுத்துச் சான்று வாங்கித் தருவார்கள். கீழாநெல்லி என்று பெயர் சொல்வார்கள். 1988-இல் சென்னை ஆய்வாளர்கள் கீழாநெல்லி பற்றி ‘லான்செட்’ மருத்துவ இதழில் நம்பிக்கை தரும் முடிவுகளை வெளியிட்டது உண்மை. ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற பிளம்பெர்க்கும் அந்த ஆய்வில் பங்கேற்றார். ஆனால் பிற்பாடு வேறு இடங்களில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. இந்தப் பின்பாதியைத் தரகர் சொல்லமாட்டார். அவர் பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்று அவருக்கே தெரியாது. வயிற்றில் குழந்தையோடு அதைச் சாப்பிடாதீர்கள். ஏற்கெனவே டெனோஃபோவிர் சாப்பிடும் எவரும் இவர்கள் பேச்சைக் கேட்டு மாத்திரையை நிறுத்தினால், வைரஸ் பொங்கியெழுந்து கல்லீரலே செயலிழக்கக்கூடும்.

தாய்ப்பால் தாராளமாகக் கொடுங்கள், டெனோஃபோவிர் சாப்பிட்டாலும். ஒரே ஒரு விலக்கு. காம்பு வெடித்து ரத்தம் கசிந்தால், அந்தப் பக்கத்துப் பாலை மட்டும் பீய்ச்சிக் கொட்டிவிட்டு மறுபக்கம் கொடுங்கள். புண் ஆறியதும் பழையபடி இருபக்கமும் கொடுக்கலாம். வெறும் வலியோ சிவந்திருப்பதோ இதில் சேராது. ரத்தம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். இரண்டு பக்கமும் கசிந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். நீங்களாகவே பால்பொடி டின்னைத் திறந்துவிடாதீர்கள். காம்பு வெடிப்பதற்குப் பெரும்பாலும் குழந்தையைச் சரியாகப் பிடிக்காததே காரணம். கருவட்டமும் சேர்ந்து வாய்க்குள் போகும்படி பிடிக்க, செவிலியரிடம் முதல் நாளே கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள்.

குழந்தைக்குத் தொற்றியிருக்கிறதா என்று தொப்புள்கொடி ரத்தத்தில் பரிசோதனை செய்யலாமா என்று ஆய்வகத்தார் கேட்பார்கள். வேண்டாம், அதில் எதுவும் உறுதியாகத் தெரியாது. ஒன்பது மாதம் முடிந்த பிறகு, முதல் பிறந்தநாளுக்குள், எச்.பி.எஸ்.ஏஜி பரிசோதனையும் எதிர்ப்புச் சக்தி அளவும் பார்த்தால் போதும். அந்தத் தேதியை இப்போதே அட்டையில் குறித்து வைத்துவிடுங்கள்.