நைட்ரைல் ஆயில் சீல் ஏன் கல் மாதிரி ஆகிறது?

மியான்மரின் மோன் மாநிலத்தில் தட்டோன் பக்கம் அரிசி மில் நடத்தும் ஒரு வாசகர் கேட்கிறார்: “டீசல் இன்ஜின் ஷாஃப்டில் ஆயில் ஒழுகாமல் இருக்கப் போடும் நைட்ரைல் ஆயில் சீல் ஒரு அறுவடைப் பருவம்கூடத் தாங்குவதில்லை. கெட்டியாகி ஒழுகுகிறது. எங்களைச் சுற்றி ரப்பர் தோட்டங்கள்தான். உள்ளூர் ரப்பரிலேயே செய்து போட்டால் என்ன? புழுங்கல் போடும் பாய்லரின் வால்வுக்கும் நைட்ரைல் ஆகுமா?”

மோன் மாநிலத்து ரப்பர் நல்ல ரப்பர்தான். இழுவைக்கும் கிழியாமல் நிற்பதற்கும் இயற்கை ரப்பரை மிஞ்சுவது கடினம். ஆனால் இன்ஜின் ஆயிலோ டீசலோ பட்டால் அதை உறிஞ்சி ஊதிப்போய்க் கொழகொழத்துவிடும். ஆயில் படும் இடத்தில் அது வேண்டவே வேண்டாம்.

நைட்ரைல் என்பது பியூட்டாடையீனையும் அக்ரிலோநைட்ரைலையும் சேர்த்துச் செய்த செயற்கை ரப்பர். 1930களில் ஜெர்மனியில் உருவானது. இதில் ஆயிலைத் தடுப்பது அக்ரிலோநைட்ரைல். அதன் பங்கு 18 முதல் 50 சதவீதம் வரை இருக்கும். சாதாரண சீல்களில் 33 சதவீதம் அளவில் வரும். பங்கு கூடக்கூட ஆயில் உள்ளே போவது குறையும், ஆனால் கடுங்குளிரில் விறைத்துக்கொள்ளும். உங்கள் ஊரில் அந்தக் குளிர் ஏது? பங்கு அதிகமுள்ளதையே தைரியமாகக் கேட்டு வாங்கலாம்.

சரி, உங்கள் சீலுக்கு வருவோம். அது ஊதவில்லை, கெட்டியாகியிருக்கிறது. ஆகவே ஆயில் ஒத்துக்கொள்ளாத கோளாறு இல்லை, பெரும்பாலும் சூடுதான் காரணம். நைட்ரைல் தொடர்ந்து தாங்குவது சுமார் 100 டிகிரி செல்சியஸ். ஆயிலின் சூடு அதற்குள் இருந்தாலும், சுழலும் ஷாஃப்டில் லிப் (சீலின் மெல்லிய உள்விளிம்பு) உரசும் கோட்டில் சூடு இன்னும் ஏறும். கழற்றிய சீலைத் தூக்கி எறியாமல் வளைத்துப் பாருங்கள். வெளிப்பக்கம் மெத்தென்று இருந்து, லிப் மட்டும் பளபளத்து நுண்ணிய வெடிப்பு விட்டிருந்தால் உரசல் சூட்டில் வெந்திருக்கிறது. ஷாஃப்டில் சீல் உட்காரும் இடத்தை நகத்தால் வருடுங்கள். நகம் தட்டுகிற பள்ளம் இருந்தால் எந்தப் புதுச் சீலும் அங்கே நிலைக்காது. அப்புறம் கூலிங் தண்ணீர், ஆயில் அளவு இரண்டையும் பாருங்கள். புதுச் சீலை உலர்வாக ஒருபோதும் மாட்டாதீர்கள், லிப்பில் ஆயில் தடவியே மாட்ட வேண்டும். இவ்வளவும் சரியாக இருந்தும் கெட்டியானால் 150 டிகிரி வரை தாங்கும் எச்என்பிஆருக்கோ (ஹைட்ரஜன் ஏற்றிய நைட்ரைல்), 200 வரை போகும் விட்டானுக்கோ (ஃப்ளோரின் கலந்த ரப்பர்) மாறுங்கள். விலை கூடத்தான், ஆனால் அறுவடை நேரத்தில் மில் நிற்கும் நஷ்டம் அதைவிடப் பெரிது.

வாங்கும்போதும் கவனம் வேண்டும். வெயில் படும்படி கம்பியில் கோர்த்துத் தொங்கவிட்ட சீலை வாங்காதீர்கள். வெயிலும் ஓசோனும் நைட்ரைலை வெடிக்க வைக்கும். உங்கள் இருப்பையும் மூடிய பையில், இருட்டில், ஓசோன் கிளப்பும் மின் மோட்டாருக்குத் தள்ளி வையுங்கள்.

பாய்லர் வால்வுக்கு நைட்ரைல் ஆகாது, நீராவி அதைச் சீக்கிரமே கெட்டியாக்கிவிடும். அங்கே ஈபிடிஎம் என்ற வேறொரு செயற்கை ரப்பரைப் போடுங்கள். ஆனால் ஈபிடிஎம்மில் ஆயில் பட்டால் ஊதிவிடும். இரண்டும் கருப்பு, கண்ணால் பிரிக்க முடியாது. தனித்தனிப் பெட்டியில் பெயர் எழுதி வையுங்கள். சந்தேகம் வந்தால் உபரியாக உள்ள ஒரு ஓ-ரிங்கை (ரப்பர் வளையம்) வெர்னியர் அளவுகோலில் அளந்து, இன்ஜின் ஆயிலில் இரண்டு நாள் ஊறப்போட்டு மறுபடி அளங்கள். நன்றாகப் பெருத்திருந்தால் அது நைட்ரைல் இல்லை.