சீதன வீட்டை வாங்கலாமா, யார் பெயரில் எழுதுவது?

கேள்வி: எனக்குக் கலியாணம் பேசி முடிந்துவிட்டது. மட்டக்களப்பு மாவட்டத்துக் களுவாஞ்சிகுடியில் நாங்கள் இருக்கும் வீடும் வளவும் அம்மாவின் பெயரில் இருக்கின்றன. அப்பா இல்லை. ஊர் வழக்கப்படி வீட்டை எனக்குச் சீதனமாக எழுதித் தர அம்மா நினைக்கிறா. கட்டாரில் இருக்கும் அண்ணன், ‘ஆணும் பெண்ணும் சமம் என்றால் எனக்கும் பாதி வரவேண்டும், அதுதான் மனித உரிமை’ என்கிறார். பாடசாலையில் நடந்த ஒரு பயிற்சிப் பட்டறையிலோ சீதனமே பெண்ணுரிமைக்கு எதிரானது என்றார்கள். மாப்பிள்ளையின் பெரியப்பா, ‘மனித உரிமையெல்லாம் வெள்ளைக்காரன் எழுதினது, எங்கட பண்பாட்டுப்படி வீட்டு உறுதிப் பத்திரத்தில் மாப்பிள்ளையின் பெயரும் இருக்கவேண்டும்’ என்கிறார். நான் வாங்கலாமா, விடலாமா?

பதில்: தாராளமாக வாங்குங்கள். உறுதி உங்கள் தனிப்பெயரில் மட்டும் இருக்கட்டும்.

அண்ணன் சொல்வதை முதலில் பார்ப்போம். மனித உரிமை ஆவணங்கள் பிரதானமாக அரசைத்தான் கட்டுப்படுத்துகின்றன. சட்டம் ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று என்று இருக்கக்கூடாது என்பதே அவற்றின் கோரிக்கை. இந்த விஷயத்தில் மட்டக்களப்புத் தமிழருக்குப் பொருந்தும் சட்டம் ஏற்கெனவே சமமாகத்தான் இருக்கிறது. அம்மா ஒன்றும் எழுதிவைக்காமல் கண்மூடினால், 1876ஆம் ஆண்டின் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டப்படி மகனுக்கும் மகளுக்கும் சரிபங்கு. ஆனால் அம்மா உயிரோடு இருக்கும்வரை வீடு அவருடையது. 1948ஆம் ஆண்டின் ஐ.நா. மனித உரிமைப் பிரகடனத்தில் 17ஆம் உறுப்புரை சொல்லும் சொத்துரிமை அவருக்கும் உண்டு. தன் வீட்டை யாருக்குக் கொடுப்பது என்பது அவர் முடிவு.

அதற்காக அண்ணனின் மனக்குறையைத் தட்டிவிடக்கூடாது. எங்கள் பக்கத்தில் எத்தனை பொடியன்கள் படிப்பை விட்டுவிட்டு வெளிநாடு போய், தங்கச்சிக்கு வீடு கட்டிக் கொடுத்த பிறகுதான் தங்கள் கலியாணத்தைப் பற்றியே யோசிக்கிறார்கள்! அதை ஒருவரும் உரிமைப் பிரச்சினையாகப் பேசுவதில்லை. என் கணக்கில் அதுவும் உரிமைப் பிரச்சினைதான். உங்கள் வீட்டில் அவர் காசு போயிருந்தால் அதைத் தனிக் கணக்காகப் பேசித் தீர்த்துவிடுங்கள். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் வயல் இருந்தால் அதை அவருக்கு எழுதலாம். இல்லாவிட்டால் திருப்பிக் கொடுக்கும் தொகையை எழுத்தில் வையுங்கள். வீட்டைப் பாதியாக்குவது இருவருக்குமே உதவாது.

பட்டறையில் சொன்னது பாதி உண்மை. மாப்பிள்ளை வீட்டுக்குப் போகும் காசு வேறு, பெண்ணின் பெயரில் எழுதப்படும் வீடு வேறு. இரண்டையும் ஒரே சொல்லில் போட்டுக் குழப்பிவிட்டார்கள். காசு கேட்டால் மறுத்துவிடுங்கள், அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. முஸ்லிம் ஊர்களில் வாங்கப்படும் கைக்கூலியைக்கூட, அது மணப்பெண்ணின் பயனுக்காக மாப்பிள்ளையிடம் கொடுக்கப்படுவது என்றுதான் 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் சொல்கிறது. மனைவி அதைத் திருப்பிக் கேட்டு வழக்கிடலாம். மாப்பிள்ளை வீட்டார் பலர் இதை வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

வீட்டு விஷயம் அப்படியல்ல. தமிழரானாலும் முஸ்லிம்களானாலும் கிழக்கில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். பிள்ளைக்குக் குடி, அதாவது குலம், தாய்வழியாக வருகிறது. கொக்கட்டிச்சோலைக் கோயிலில் உரிமை பேசும்போது தாயின் குடியைத்தான் கேட்பார்கள். மதுவில் வந்து சத்தம் போடும் கணவனுக்குப் பயந்து பிள்ளையையும் தூக்கிக்கொண்டு நள்ளிரவில் தெருவில் இறங்கவேண்டிய நிலை, உறுதி தன் பெயரில் உள்ள பெண்ணுக்குக் குறைவு. சுற்றிவர அவள் ஆட்கள், வளவு அவள் வளவு. 2005ஆம் ஆண்டின் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாப்புக் கட்டளை பெற்றால் அந்தக் கணவன் வீட்டுக்குள் வராமலே தடுக்கலாம். பெண்களுக்கெதிரான பாரபட்சங்களை ஒழிக்கும் சமவாயத்தை இலங்கை 1981இல் ஏற்றுக்கொண்டது. ஒரு பாலார் தாழ்ந்தவர் என்ற எண்ணத்தில் நிற்கும் வழக்கங்களை மாற்று என்பதே அதன் 5ஆம் உறுப்புரை. பெண்ணின் கையில் வீட்டைக் கொடுக்கும் வழக்கத்தை ஒழி என்று அது எங்கும் சொல்லவில்லை.

இனிப் பெரியப்பா. பிரகடனத்தின் முதலாம் உறுப்புரையில் ஆண்களை மட்டும் குறிப்பதாகத் தோன்றிய சொற்களை மாற்றி ‘மனிதப் பிறவிகள் அனைவரும்’ என்று வரவைத்தவர் இந்தியாவின் ஹன்சா மேத்தா. திருமணத்தில் சம உரிமை சொல்லும் 16ஆம் உறுப்புரைக்காக வாதாடியவர் பாகிஸ்தானின் ஷாயிஸ்தா இக்ராமுல்லா. வெள்ளைக்காரன் சரக்கு என்று ஒரே வீச்சில் தள்ளிவிட முடியாது. 1993இல் வியன்னா மனித உரிமை மாநாட்டில் நாடுகள் கூடியபோதும் பண்பாட்டு வேறுபாடுகளை மனதில் கொள்ளவேண்டும் என்று ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் எந்தப் பண்பாடானாலும் உரிமைகளைக் காப்பது அரசின் கடமை என்பதையும் சேர்த்தே சொன்னார்கள்.

அதைவிடப் பெரிய வேடிக்கை, அவர் சொல்லும் பண்பாடு எங்கள் பண்பாடே இல்லை. இங்கே முன்பு நடைமுறையில் இருந்த முக்குவர் வழமை என்ற வழக்காற்றுச் சட்டத்தில் சொத்து தாய்வழியாகத்தான் இறங்கியது. உறுதியில் கணவன் பெயர் ஏறுவது பின்னாளில், அதிலும் பெரிதாக அரசு வழியாக வந்த பழக்கம். 2004 சுனாமிக்குப் பிறகு அம்பாறை, மட்டக்களப்புக் கரையோரத்தில் வீடு கொடுத்தபோது ‘குடும்பத் தலைவர்’ என்று ஆணின் பெயரையே பெரும்பாலும் எழுதினார்கள். கடலோடு போனது மனைவியின் சீதன வீடு, கிடைத்தது கணவன் பெயரில் வீடு. அரச காணிகளுக்கான 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டமும், பின்னுரித்தாளரை (காணி அடுத்துச் சேரவேண்டியவரை) பெயரிடாவிட்டால் மகளுக்கு முன் மகனைத்தான் வைத்தது. 2022இல்தான் அதைத் திருத்தினார்கள். இந்த இடத்தில் பெண்ணுக்கு நியாயம் செய்தது ஊர் வழக்கம், பின்தங்கி நின்றது சட்டம்.

பெரியப்பாவிடம் தன்மையாக இதையும் சொல்லலாம்: வீடு உங்கள் தனிப்பெயரில் இருந்தாலும், நீங்கள் மரணசாசனம் எழுதாமல் இறந்தால் பாதி கணவருக்குத்தான் போகும். மருமகன் தெருவில் நிற்கப்போவதில்லை. மாறாக இப்போதே கூட்டுப் பெயரில் எழுதினால், நாளை ஒத்துவராமல் போகும்போது அவர் தன் பங்கைப் பிரித்துக் கேட்டு வழக்குப் போடலாம்.

சரி, செய்யவேண்டியது. முதலில் காணி உறுதியுள்ள சொந்தக் காணியா, அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த பேமிட் காணியா என்று பாருங்கள். பேமிட் என்றால் உறுதி எழுதும் நொத்தாரிசிடம் போய்ப் பயனில்லை. பிரதேச செயலகத்தில் காணிப் பகுதியில் உங்களைப் பின்னுரித்தாளராகப் பெயரிடுவது பற்றி அம்மா கேட்கவேண்டும். உறுதிக் காணி என்றால் நொத்தாரிசு, இரண்டு சாட்சிகள், அப்புறம் காணிப் பதிவகத்தில் பதிவு. வெறும் வாய்ப்பேச்சும் வெள்ளைத் தாளில் எழுதிய கடிதமும் காணிக்குச் செல்லாது. அம்மாவின் சீவிய உரித்தை உறுதியில் கட்டாயம் எழுதச் சொல்லுங்கள். நீங்கள் நல்ல மகள்தான், ஆனாலும் அவர் கடைசிவரை தன் வீட்டில் உரிமையோடு இருக்க அது வேண்டும்.

மாப்பிள்ளை எந்த ஊர் என்று நீங்கள் எழுதவில்லை. கிழக்கு என்றால், 1923ஆம் ஆண்டின் மணமான பெண்களின் ஆதனக் கட்டளைச் சட்டப்படி உங்கள் வீட்டை விற்கவோ ஈடு வைக்கவோ கணவரின் சம்மதம் தேவையில்லை. அவர் தேசவழமை என்ற வடபகுதித் தமிழரின் வழமைச் சட்டம் பொருந்தும் யாழ்ப்பாணத்து ஆள் என்றால், திருமணம் நீடிக்கும்வரை அந்தச் சட்டம் உங்களையும் பிடிக்கும். உங்கள் சொந்த வீட்டை விற்பதற்கும் அவரது எழுத்துமூலச் சம்மதம் வேண்டும், அவர் மறுத்தால் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகவேண்டும். அப்படியானால் உறுதி எழுதும் முன்பே நொத்தாரிசிடம் இதைச் சொல்லிவிடுங்கள்.